ஏழாம் அறைப் பித்தமும் மேட்ரனின் துணி அட்டையும்

வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுத்தனுப்பும் பலசரக்குத் துண்டுதான். அதிலும் பிழை இருக்கிறது என்று என் தம்பியின் மனைவி சொல்வாள். அதைவிட, நான் எழுதப் போகிற விஷயம் மரியாதையான வீடுகளில் பேசுகிற விஷயமும் அல்ல. ஆகவே இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிக்க வேண்டாம் என்று தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத வைத்தது ஒரு திரைச்சீலை. வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். முழங்கால் இரண்டும் மறுத்ததால் போன வருஷம் வேலையை விட்டேன். சில வாரங்களுக்கு முன்னர் நத்தார்ப் பண்டிகைத் தேநீருக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனால், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் புதுத் திரைச்சீலை தொங்குகிறது. அதன் நிறத்தைக் கண்டதும் என் வாயிலிருந்த கேக் இறங்க மறுத்துவிட்டது.

"நான்தான் திரேசாக்கா தெரிஞ்செடுத்தது," என்றாள் புதிதாக வந்த நேர்ஸ் ஒருத்தி. "பழைய அலுமாரிக்குள்ள ஒரு அட்டையில துணித் துண்டு தைச்சு, நம்பர் போட்டு வச்சிருந்தாங்க. அஞ்சாம் நம்பரைக் கடையில காட்டி எடுத்தேன். வடிவா இருக்கு என்ன?"

"வடிவா இருக்கு மகள்," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த அட்டையில் ஐந்தாம் நம்பரைவிட நல்ல நம்பர் கிடையாது. அதைக் காண்பதற்காக நாங்கள் எத்தனை காலை வேண்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். ஆனால் திரைச்சீலைக்காக அல்ல.

அட்டை எதற்கு என்று நான் சொன்னதும் அவள் கதிரையில் இருந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எழுதிக் குடுங்க அக்கா, எங்களுக்குப் பிறகு வாறவங்களாவது திரைச்சீலை தைக்காம இருக்கட்டும்," என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் தரை துடைத்தேன். பிறகு படுக்கை விரித்தேன். பிறகு, எழும்ப முடியாதவர்களுக்கு வைக்கும் சட்டியைத் தூக்கினேன். அதோடு என் உத்தியோக உயர்வு முடிந்தது. எனக்கிருந்த பெரிய குறை கூச்சம். முகம் பார்த்துப் பேச வராது. அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் கொடுத்த வேலையோ, முன்பின் அறியாத பெரிய மனிதர்களிடம் காலையில் போய், "வெளிக்குப் போச்சா?" என்று கேட்பது. அறைக்குள் போகும் முன்னர் கதவுக்கு வெளியே நின்று இருமுவேன். உள்ளே இருப்பவர்கள் உடுப்பைச் சரிசெய்ய நேரம் கொடுத்து, மறுபடியும் ஒருமுறை இருமுவேன். "அந்த ஆயாவுக்குக் காசம் இருக்கிறதா?" என்று ஒரு டாக்டர் விசாரித்ததும் உண்டு. இந்த இருமலை வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மேட்ரன் பறங்கிப் பெண்மணி. ஆள் கட்டை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தை எடுத்து மெல்லச் சாவி கொடுப்பார். அந்த 'கிறிக் கிறிக்' சத்தத்துக்கு வார்டே அடங்கிவிடும். கடிகாரம் இரண்டு தடவை பழுதுபார்க்கப் போனது. இரண்டு தடவையும் காரணம் நாங்கள்தான். தமிழை அவர் கற்றது சமையலறையில். ஆகையால் சாப்பாட்டுச் சொற்கள் சுத்தமாக வரும், மற்றவை முடமாக வரும்.

அட்டை பிறந்தது ஒரு காலை நேரத்தில். ஒரே சட்டியைப் பார்த்து நான் "மஞ்சள்" என்றேன். என்னோடு வேலை செய்த சோமாவதி "பிளேன்டீ" என்றாள். சமையற்காரர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, "பருப்பு" என்றார். மேட்ரன் கடிகாரத்தை எடுத்தார். அன்று மத்தியானம் பருப்புக்கறிதான், ஒருவரும் தொடவில்லை.

அடுத்த கிழமை அவர் தானே புறக்கோட்டைக்குப் போய், துணிக்கடைகளில் வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்கி வந்தார். கடைக்காரர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு என்று நினைத்து நல்ல துண்டாகவே கொடுத்தார்களாம். வெளிறிய சாம்பலிலிருந்து கடும் மண்ணிறம் வரைக்கும் ஏழு துண்டை அட்டையில் வரிசையாகத் தைத்து நம்பர் போட்டார். ஒன்று, சவர்க்காரம் போட்டும் வெளுக்காத வேட்டி. இரண்டு, காய்ந்த களிமண். ஐந்து, நல்ல தேக்குமரத்தின் நிறம். அன்றுமுதல் ஒருவரும் சாப்பாட்டுச் சாமானின் பெயர் சொல்லக் கூடாது, நம்பர் மட்டும். மின்சார வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. கழுவும் அறையின் மேற்குச் சன்னலில், கடல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காலையில் அந்தச் சன்னலில் வெயில் நேரே விழாது, நிறம் ஏமாற்றாது. சட்டியைத் துணியால் மூடிக் கொண்டுபோய், அங்கே திறந்து, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, நம்பரை மனதில் வைத்துக்கொண்டு வந்து மேட்ரனின் காதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பழக்கம் ஆளை விடாது. பெருநாளுக்குச் சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் விரிக்க விரிக்க என் மனதில் நம்பர் ஓடும். கோயிலில் ஒரு அம்மா புதுப் பட்டுச் சேலையோடு முன்னால் வந்து இருந்தால், 'இரண்டு. பாவம்' என்று எனக்குள் இரங்குவேன்.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றும் சொல்ல வேண்டும். டாக்டர்மார் சொல்லக் கேட்டதைத்தான் சொல்கிறேன். பித்தத்தை ஊறவைப்பது ஈரல். அதைச் சேர்த்து வைத்து, நெய்யும் இறைச்சியும் வயிற்றுக்குள் வரும்போது பிழிந்து விடுவது பித்தப்பை. பைக்குள் கல் விளைந்தால், பலமாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் பிடித்து, முதுகுச் செட்டை வரைக்கும் இழுக்கும். எங்கள் ஆட்கள் அதை வாயு என்பார்கள். இஞ்சி இடித்துக் குடிப்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், அடுத்த கலியாண வீட்டில் திரும்பவும் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிடுவார்கள். கல் நழுவிக் குழாயை அடைத்தால்தான் பயம் வரும். பித்தம் குடலுக்குப் போகாமல் இரத்தத்தில் ஏறி, கண் மஞ்சளாகும். மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம் ஆகையால், அது வெளிறிவிடும். அதாவது எங்கள் இரண்டாம் நம்பர்.

அறுவைக்குப் பிறகு பெரிய டாக்டர் கற்களைக் கழுவி, ஒரு சின்னப் போத்தலில் போட்டு நோயாளிக்கே கொடுப்பார். பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளையைக் காட்டுவதுபோல வருகிறவர்களுக்கெல்லாம் போத்தலைக் காட்டுவார்கள். மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு மாணிக்க வியாபாரி, படுக்கையில் எழும்பி இருந்ததும் கேட்டது தன்னுடைய கண்ணில் வைத்துப் பார்க்கும் கண்ணாடியைத்தான். கற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பாருங்க தங்கச்சி, எல்லாம் ஒரே மாதிரிப் பட்ட போட்டு ஈக்கிது. ரத்தினபுரியில தோண்டினாலும் இப்பிடிச் சோடி சேராது."

"வில போகுமா மொதலாளி?" என்று சோமாவதி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"வெலக்கிப் போகாது. ஆனா டாக்டருக்கு அளந்த சல்லிய நெனச்சா, ஏன்ட கையில ஈக்கிற கல்லுலயே வெல கூடின கல்லு இதுதான்."

பை போனால் இனிச் சாப்பாடே இல்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படியல்ல. பை இல்லாவிட்டாலும் ஈரல் ஊறிக்கொண்டேயிருக்கும். சேர்த்து வைக்க இடம் இல்லாததால் பித்தம் சொட்டுச் சொட்டாகக் குடலில் விழும். ஆகையால் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். முதலில் பார்லித் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு அவித்த மீன், அதற்குப் பிறகுதான் இடியப்பமும் மெல்லிய சொதியும். அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் உதாரணம், வத்தளையிலிருந்து வந்த ஒரு ஐயா. வீட்டுக்குப் போன கையோடு நத்தார் வந்துவிட்டது. பன்றிக்கறியைக் கண்டதும் புத்தி மாறிவிட்டது. பாலன் பிறந்த திருநாளை முழுக்கக் கக்கூசில் கொண்டாடினார். கொஞ்ச மாதம் போக எல்லாம் சாப்பிடலாம் என்று மேட்ரன் சொன்னபோது, "மாதத்தை மட்டும் எழுதித் தாங்கோ மிஸ், மிச்சத்தை நான் பார்க்கிறன்," என்றார்.

இனி ஏழாம் அறைக்கு வருகிறேன்.

நாட்டில் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர் நடந்தது. ஏழாம் அறைக்கு வந்தவர் பரமேஸ்வரி அம்மா. யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையிலேயே குடியிருந்தவர்கள். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணவர் கனகசபை ஐயா. கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். மற்றவர் ஐயாவின் அக்கா நாகம்மா. விதவை, எப்போதும் வெள்ளைச் சேலை. பரமேஸ்வரி அம்மா கண் இரண்டும் மஞ்சளாக, நடக்க முடியாமல் வந்தார். ஆனாலும் கட்டிலுக்குப் போகும் வழியில் மின்விசிறியில் தூசி இருப்பதைக் கண்டார், தேத்தண்ணியைத் திருப்பி அனுப்பினார், ஐயா குடையைப் பிடித்திருக்கும் விதம் சரியில்லை என்றார். அதற்கு ஐயா குடையை மற்றக் கைக்கு மாற்றுவார். அவ்வளவுதான்.

மஞ்சள் காமாலை என்றால் மஞ்சளாக இருப்பது எதுவும் கிட்ட வரக் கூடாது என்பது பல வீடுகளில் உள்ள நம்பிக்கை. நாகம்மா அக்கா அதற்குக் காவல். பருப்பு வரக் கூடாது, பூசணி வரக் கூடாது, மாம்பழம் கொண்டுவந்த உறவினரைப் படியிலேயே மறித்தார். என் மஞ்சள் சவர்க்காரத்தைச் சன்னலுக்கு வெளியே வைத்தார். பெரிய டாக்டர் மறந்து விட்டுப்போன மஞ்சள் பென்சிலைக் கடதாசியில் சுற்றி, இரண்டு விரலால் தூக்கி என்னிடம் தந்தார்.

அறுவை நடந்தது. பித்தப்பையை எடுத்தார்கள். குழாயிலும் கற்கள் இருந்தபடியால், டாக்டர் அவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒரு றப்பர் குழாய் வைத்து, அதன் நுனியை வெளியே கொண்டுவந்து கட்டிலில் கட்டிய போத்தலுக்குள் விட்டார். புண் ஆறும் வரைக்கும் பித்தம் அதனால் வெளியே இறங்கும். அம்மா மயக்கம் தெளிய அரை நாள் எடுத்தது. இருதயம் பலவீனம் என்றார் டாக்டர்.

போத்தலில் பித்தம் விழுவதைக் கண்டு நாகம்மா அக்கா கைகூப்பினார்.

"இருவது வருசத்துப் பித்தம், பாரும் பிள்ளை! இதெல்லாம் உள்ளுக்கை கிடந்துதானே மனுசியை இந்தப் பாடு படுத்தினது."

அவர் சொன்னதற்கு அத்தாட்சியும் இருந்தது. போத்தல் நிறைய நிறைய, கண்ணிலிருந்த மஞ்சள் குறைந்துகொண்டு வந்தது. அதோடு அம்மா யாரையும் ஏசவில்லை. வார்த்தையே குறைந்துவிட்டது. ஐயா குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் நிம்மதியாக இருந்து பேப்பர் வாசித்தார். முப்பது வருஷத்தில் ஆசிரியர் தலையங்கத்தைக் கடைசி வரிவரை வாசித்தது அந்த அறையில்தான் என்று பிறகு சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் பெரிய டாக்டர் குழாயை ஒரு கிளிப்பால் இறுக்கினார். இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். மேட்ரன் தமிழாக்கினார்: "இனி பித்தம் உள்ளே. வெளியே இல்லை. நோவு, நடுக்கம், கண் மஞ்சள் வந்தால் எங்களைக் கூப்பிடு. கிளிப் தொடாதே." இரண்டு மூன்று நாளில் மலத்தில் நிறம் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம், குழாயை எடுத்துவிடலாம். வராவிட்டால் உள்ளே இன்னும் கல் இருக்கிறது.

நிறம் வரவில்லை. காலையில் நான் இருமி, உள்ளே போய், சட்டியைக் கொண்டுபோய் மேற்குச் சன்னலில் பார்ப்பேன். இரண்டு. அடுத்த நாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. ஆனால் அம்மாவுக்கு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணும் வெள்ளை. அடைப்பு இருந்தால் கண் மஞ்சளாக வேண்டும். அடைப்பு இல்லையென்றால் இரண்டாம் நம்பர் வரக் கூடாது. பெரிய டாக்டர் போத்தலைப் பார்த்தார், கிளிப்பைப் பார்த்தார், அட்டையையும் வாங்கிப் பார்த்தார். அம்மாவோ சாப்பிட்டது ஒட்டாமல், கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தார். கடைசியில் வெள்ளிக்கிழமை திரும்பத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தார். இரண்டாம் தரம் மயக்கம் கொடுத்தால் இருதயம் தாங்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் ஐயாவிடம் மறைக்கவில்லை.

அன்று பின்னேரம் பரமேஸ்வரி அம்மா இடுப்பிலிருந்த, வீட்டு அலுமாரிச் சாவியெல்லாம் கோர்த்த திறப்புக் கோர்வையைக் கழற்றினார். அறுவை மேசைக்குப் போன அன்றுகூட அதைத் தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டுப் போனவர்.

"மச்சாள், இனி இது உங்களிட்டை இருக்கட்டும்."

நாகம்மா அக்கா வாங்கவில்லை. அம்மா அவருடைய மடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் பிள்ளை நிக்கிறீர்? போய் வேலையைப் பாரும்," என்றார். அதில் பழைய காரம் இல்லை. நான் வெளியே வந்து, விறாந்தையில் வெறும் வாளியைக் கொஞ்ச நேரம் கழுவினேன்.

புதன்கிழமை காலை வழக்கம்போலக் கதவுக்கு வெளியே இருமினேன். வழக்கம்போல ஐயா வெளியே வந்து, கொட்டாஞ்சேனைத் திருநாள் எப்போது, வெடி எல்லாம் உண்டோ என்று மரியாதையாகக் கதைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்தக் கிழமை முழுக்க அவர் அப்படித்தான். என்னைப்போன்ற ஒருத்தியிடம் இவ்வளவு அன்பாகப் பேசுகிறாரே என்று எனக்குப் பெருமை. பெரிய மனிதரின் கதையை வெட்டிக்கொண்டு உள்ளே போக எனக்கு வராது. பிறகு போனேன். நாகம்மா அக்காவின் சேலைத் தலைப்பில் ஒரு கறை கண்ணில் பட்டது. ஆறுதலாக ஏதாவது பேச வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது வாய்த்தது.

"அக்கா, சேலையில மஞ்சள் பட்டிருக்கு. கறி ஊத்துண்டதா? தாங்க, கழுவித் தாறேன்."

நாகம்மா அக்கா நிமிர்ந்தார். "மஞ்சளோ? என்ன பிள்ளை கதைக்கிறீர்! இந்த அறைக்குள்ளை நான் மஞ்சள் கொண்டுவருவனோ? பருப்பைக் கண்ணாலை கண்டு எத்தினை நாள் எண்டு தெரியுமே உமக்கு? இது அவவின்ரை பித்தம்!"

"அக்கா!" என்றார் ஐயா வாசலில் இருந்து.

"பின்னை என்ன தம்பி, நான் மஞ்சள் கொண்டுவந்தனான் எண்டெல்லே சொல்லுறா!"

"போத்தல்தான் பூட்டியிருக்கே அக்கா," என்றேன் நான். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"பூட்டினபடி விட்டா? இவ்வளவு நாளும் வெளியிலை போய்ச் சுகம் வந்த பித்தத்தை, திரும்ப உள்ளுக்கை விடச் சொல்லுறார் டாக்குத்தர். ஆரும் கேப்பினமே? நீர் அங்காலை போனவுடனை கிளிப்பைக் கழட்டிவிடுவன். நிறைஞ்சா உந்தப் பேசினுக்குள்ளை ஊத்துவன். நீர் இருமினாப் பூட்டுவன். அவவுக்குக்கூடச் சொல்லேல்லை."

நான் அங்கேயே இருமிவிட்டேன். இந்த முறை உண்மையான இருமல்.

மேட்ரனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கடிகாரத்தை எடுத்தார். சாவி கொடுக்கவில்லை, திரும்பக் குத்திக்கொண்டார். சமையலறையில் ஒரு பித்தளைக் கரண்டியில் நெய் பூசித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு ஏழாம் அறைக்கு வந்தார். பின்னால் நான். போத்தலைப் பார்த்தால், அவசரத்தில் ஊற்ற நேரமில்லாமல், கழுத்துவரை நிறைந்திருந்தது.

மேட்ரன் யாரையும் ஏசவில்லை. கரண்டியைப் பைப்பின் கீழ் பிடித்தார். பச்சைத் தண்ணீர் நெய்யின் மேல் உருண்டு ஓடியது. நெய் அப்படியே இருந்தது. பிறகு போத்தலிலிருந்து கொஞ்சம் பித்தத்தைக் கரண்டியில் விட்டு, விரலால் தேய்த்து, மறுபடியும் தண்ணீரில் பிடித்தார். கரண்டி பளிச்சென்றது.

"நெய், தேங்காய்ப்பால், இறைச்சி," என்றார். இந்தச் சொற்கள் அவருக்குச் சுத்தமாக வரும். "வயிற்றில் இது வேணும். இல்லாட்டி சாப்பாடு சும்மா போகும். லேடி மெலிஞ்சு போகும். நீங்கள் ஊத்தினது லேடியின் சாப்பாடு."

நாகம்மா அக்கா கரண்டியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "நான் அவ சுகப்பட வேணும் எண்டுதானே..." என்று கரண்டியைத் திரும்ப மேட்ரனிடம் நீட்டினார்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ. உங்களுக்கும் இது தெரியுமோ?"

ஐயா சுவரில் சாத்தியிருந்த குடையைத் தேடினார். "இல்லை... அக்கா சொன்னவ... நீரும் ரெண்டு கிழமையா ஒரு சொல்லும் ஏசேல்லை. பித்தம் இறங்க இறங்க உமக்குக் கோபமும் இறங்குது எண்டு நாங்கள் நினைச்சு... முழுக்கப் போகட்டும் எண்டு, பிள்ளையை வாசல்லை மறிச்சு..."

பரமேஸ்வரி அம்மா தலையணையைத் தானே முதுகுக்கு இழுத்து வைத்தார்.

"கோபம் இறங்கினதோ? எனக்குச் சீவன் இறங்கினது! வெள்ளிக்கிழமை என்னைத் திரும்பக் கிழிக்கப் போறாங்கள். நீங்கள் வாசல்லை நிண்டு கொட்டாஞ்சேனை வெடியைப் பற்றிக் கதைக்கிறியள்! கந்தோரிலை முப்பது வருசம் என்ன பார்த்தனீங்கள்? பேப்பரை மடிச்சு வையுங்கோ. அந்தக் குடையைச் சுவரிலை இருந்து எடுங்கோ. மச்சாள், என்ரை திறப்பைத் தாங்கோ!"

இன்னும் சொன்னார். எல்லாவற்றையும் எழுத முடியாது. கடற்கரை ரயில் ஒன்று வந்து, சன்னலை அதிர வைத்துவிட்டுப் போனது. அதற்கு மேலாலும் அவர் குரல் கேட்டது. விறாந்தையில் போனவர்கள் நின்றார்கள். மேட்ரன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மிஸ்டர் கனகசபை, பித்தம் எல்லாம் இதில் இருக்கு. அப்போ இந்தக் கோபம் எங்கே இருந்து வருது?"

ஐயா போத்தலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "அது வேறை ஊற்றுப் போலை, மிஸ்," என்றார்.

முதலில் சிரித்தது பரமேஸ்வரி அம்மாதான். சிரித்ததில் தையல் நொந்து, அதற்கும் ஐயாவையே ஏசினார்.

மேட்ரன் கிளிப்பை இறுக்கி, அதற்கு மேல் ஒட்டும் துணி சுற்றி, கையெழுத்தும் வைத்தார். பெரிய டாக்டர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். ஆனால் சிரிப்புப் பாதியில் நின்றது. கிளிப்பைத் திறந்துவிட்டதால் நோவு வராமல் இருந்திருக்கலாம். அதனால் கல் இல்லை என்று ஆகாது. வெள்ளிக்கிழமை அறுவைத் தியேட்டரை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். காலையில் நிறம் வந்தால் விடுவோம், இல்லாவிட்டால் திறப்போம் என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவுக்கு விலாவின் கீழ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நாகம்மா அக்காவின் கை தானாகவே கிளிப்பின் பக்கம் போனது. "விடுங்கோ மச்சாள்," என்றார் அம்மா. "பிள்ளை, மேட்ரனைக் கூப்பிடும்." மேட்ரன் வந்து கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், நடுக்கம் இல்லை. பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். இறுக்கம் மெல்ல விட்டது. நாகம்மா அக்கா அதன் பிறகு தன் இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏழாம் அறைக்குப் போனேன். இருமவில்லை. யாரும் வாசலில் நிற்கவும் இல்லை. நான் சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு திரும்பியபோது, "பார்த்துச் சொல்லும் பிள்ளை," என்றார் அம்மா. கையில் திறப்புக் கோர்வை இருந்தது.

கழுவும் அறையின் மேற்குச் சன்னலைத் திறந்தேன். கடல் அமைதியாக இருந்தது, வெளிச்சம் நல்லது. அட்டையைப் பிடித்தேன். இரண்டில்லை. மூன்றைத் தாண்டியிருந்தது. ஐந்துக்கு வரவில்லை. நான்காம் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். கடையில் சேலைக்குச் சட்டைத் துணி பொருத்திப் பார்த்ததுபோல அச்சொட்டாக இருந்தது.

மேட்ரன் விறாந்தையின் மறு கோடியில் நின்றார். போய்க் காதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது மறந்துபோய்விட்டது. அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நாலு! மேட்ரன், நாலு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் ஒன்றுமே சொன்னதில்லை. யாரையோ பார்க்க வந்து கதிரையில் இருந்த ஒரு கனவான் எழும்பி, பென்சிலை எடுத்துக்கொண்டு, "எந்த ரேஸ்? குதிரையின் பேர் என்ன?" என்று கேட்டார்.

மேட்ரன் தானே போய்ச் சன்னலடியில் பார்த்தார். "நாலு போதும்," என்றார். கடிகாரத்தை எடுத்து நேரம் பார்த்தார். தியேட்டருக்கு ஆள் அனுப்பி, ஏழாம் அறைக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நான் செய்தியைச் சொல்லப் போனபோது, நான் கத்தியது அங்கே முன்னமே கேட்டிருந்தது. நாகம்மா அக்கா சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயா குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

மறுநாள் சனிக்கிழமை பரமேஸ்வரி அம்மாவுக்கு இரண்டு இடியப்பமும் சொதியும் கொடுத்தோம். சொதியில் பால் காணாது என்று திருப்பி அனுப்பினார்.